பணிமாற்றமும் பதிவேடும்

அருங்காட்சியகப் பணியாளர் ஒருவர் ஊதியமும் பொறுப்பும் மிகுந்த வேறொரு நிறுவனத்தின் அழைப்பை ஏற்க முற்படும்போது, வளர்த்த நிறுவனத்தைக் கைவிடுகிறார் என்னும் குறை எழுவதுண்டு. அக்குறை எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதைத் திருவரங்கத்தை முன்வைத்து ஆராயலாம்.

கோயிலொழுகு கூறும் நிகழ்ச்சி ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. பதினான்காம் நூற்றாண்டுப் படையெடுப்பின்போது அரங்கத்தைவிட்டு அகன்ற உற்சவத் திருமேனி, 1371இல் விசயநகர அதிகாரி கோபணாரியரால் மீண்டும் எழுந்தருளச் செய்யப்பெற்றது. இடைக்காலத்தில் வேறொரு திருமேனி வழிபாட்டில் இருந்தமையால், முந்தையது எது என்ற ஐயம் எழுந்தது. அறிந்தோர் மறைந்துவிட்டனர். கண்பார்வை இழந்த முதிய வண்ணார் ஒருவரே திருமஞ்சன ஈரவாடைத் தீர்த்தத்தைக் கொண்டு முந்தைய திருமேனியை அடையாளங்கண்டு 'நம்பெருமாள்' என்றார் என்கிறது அந்நூல். இதனைப் பக்தியின் வெற்றியாகப் படிப்பது மரபு. அருங்காட்சியகவியல் நோக்கில் இஃது ஓர் எச்சரிக்கையும் ஆகும்: பொருளின் அடையாளம் ஒரே ஒருவரின் நினைவில் தங்கியிருந்தது.

நினைவைப் பதிவாக்கியவர்கள் இடம்பெயர்ந்தும் பிரியவில்லை என்பதற்குச் சென்னை அரசு அருங்காட்சியகமே சான்று. டி.என். இராமச்சந்திரன் அங்கிருந்து இந்தியத் தொல்லியல் துறைக்குச் சென்றவர். எனினும் நாகப்பட்டினப் பௌத்தப் படிமங்கள் பற்றிய அவருடைய ஆய்வு 1954இல் அவ்வருங்காட்சியக வெளியீடாகவே வந்தது. சி. சிவராமமூர்த்தி கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்திற்கும், பின்னர்ப் புதுதில்லி தேசிய அருங்காட்சியகத்திற்கும் சென்றார். ஆயினும் அமராவதிச் சிற்பங்கள் பற்றி 1942இல் வெளிவந்த அவர்தம் நூல் சென்னைத் தொகுப்பிற்கு இன்றும் அடிப்படையாக விளங்குகிறது.

ஆகவே, பற்றின் அளவுகோல் தங்கியிருந்த ஆண்டுகள் அன்று. விட்டுச்சென்ற பதிவே ஆகும். திருவரங்கக் கோயில் அருங்காட்சியகத்திலுள்ள தந்தச் சிற்பங்களை எண்ணிப்பார்க்கலாம். தந்தம் ஈரப்பத மாற்றத்தால் வெடிக்கும் இயல்புடையது. எந்தச் சிற்பத்தில் விரிசல் எப்போது தோன்றியது, எப்பருவத்தில் அது விரிகிறது என்பவற்றை நாள்தோறும் காண்பவரே அறிவார். அவற்றை எழுதாமல் முப்பது ஆண்டு பணியாற்றி ஓய்வு பெறுபவரைவிட, எழுதி ஒப்படைத்து மூன்றாண்டில் விலகுபவரே அப்பொருள்களுக்கு உண்மையானவர்.

கடமை ஒருபக்கத்தது அன்று. பதிவெழுதுவதற்கான நேரம், எழுதியவர் பெயரைப் பதிவேட்டில் நிலைநிறுத்தும் வழக்கம், விலகுபவரும் புதியவரும் சில வாரங்கள் இணைந்து பணியாற்றும் ஏற்பாடு ஆகியன நிறுவனம் தரவேண்டியவை. அவற்றைத் தராது நன்றியை மட்டும் எதிர்பார்ப்பதும், குறைந்த ஊதியத்தைப் பொறுத்துக்கொள்வதையே பற்றின் அடையாளமாகக் கொள்வதும் முறையன்று.

இதில் தமிழ்த்துறைகளுக்கும் பங்குண்டு. கல்வெட்டும் சுவடியும் பயின்றோர்க்கு உரிய பணிக்களங்களுள் அருங்காட்சியகமும் ஒன்று. படிக்கக் கற்பிக்கும் பாடத்திட்டம், ஒரு பொருளைப் பார்த்து அதன் நிலையைப் பிறர் அறியுமாறு எழுதவும் கற்பித்தல் வேண்டும். அப்பயிற்சி உடையவர் எங்குச் சென்றாலும், அவர் விட்டுச்சென்ற இடம் வெறுமையாவதில்லை.