கருமை அமங்கலமா?

போலாரத்தில் தமிழர் இல்லங்களுள் நுழைவோர் முதலிற் காண்பது சுவரையே. படைமுகாமையும் இருப்புப்பாதையையும் நம்பி நம் முன்னோர் இங்குக் குடியேறிய நாள்தொட்டு அச்சுவரில் பெரிய மாற்றமில்லை. சிவகாசி அச்சில் வந்த முருகன், திருமகள். வசதி மிகுந்த வீடாயின் பொற்றகடு ஒட்டிய தஞ்சாவூர்க் கண்ணன். ஏறக்குறைய எல்லாரும் சிவந்த மேனியர், புன்முறுவல் மாறாதவர். அவற்றை நாம் பழிக்கவில்லை. கோவில்பட்டிக் கொண்டையராஜு வரைந்த தெய்வங்களின் முன் கைகூப்பி வளர்ந்தவர்களே நாமும். ஆனால் ஓவியமென்றால் அஃதொன்றே என்று முடிவுகட்டி, மற்றவற்றை வாயிலுக்கு வெளியே நிறுத்துவதைத்தான் ஏற்க இயலவில்லை.

ஓவியர் கே. எம். ஆதிமூலம் தீட்டிய காந்தியடிகள் படத்தின் அச்சுப்படி ஒன்றை, நம்மவர் கூடும் கூடத்தில் மாட்டலாம் என்றோம். "ஒரே கறுப்பு, மங்கல நிகழ்ச்சி நடக்கும் இடத்தில் ஆகாது" என்றார் ஒரு பெரியவர். "முகமே தெளிவில்லை, மையைக் கொட்டிக் கிறுக்கியது போலிருக்கிறது" என்றார் மற்றொருவர். பேச்சு அத்துடன் முடிந்தது.

ஆதிமூலம் திருச்சி மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் பிறந்தவர், சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்றவர், 2008இல் மறைந்தவர். காந்தி நூற்றாண்டான 1969இல் அடிகளின் உருவத்தைக் கறுப்பு மையால் வரிசை வரிசையாகத் தீட்டினார். கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வந்தபோது அதற்குப் படம் வரைந்த கையும் அவர் கையே. அதனை விரும்பிப் படித்தவர் நம்முள் பலர். வரைந்தவர் பெயரைக் கேட்டால் மட்டும் விழிக்கிறோம். பிற்காலத்தில் அவர் உருவங்களை விட்டு வண்ணப் பரப்புகளை நாடினார். அது வேறு கதை.

கறுப்பு ஆகாதாம்! கருவறை இருளில், எண்ணெய் ஊறிக் கறுத்த கல்லிடமன்றோ நாம் அருளை வேண்டி நிற்கிறோம்? கற்பூரம் ஏந்தும் ஒரு கணத்தில் அக்கரிய திருமுகம் தெரிந்து மறைகிறது. அதற்காகவே இரவெல்லாம் தொடர்வண்டியில் பயணம் செய்கிறோம். ஆதிமூலத்தின் காந்தியும் அவ்வாறே, நெருங்கப் பின்னிய கோடுகளின் இருட்டிலிருந்து மெல்ல வெளிப்படுகிறார். தெளிவில்லை என்பது மெய்தான். சற்றே நின்று பார்ப்பவர்க்கே அம்முகத்தின் இரக்கம் புலப்படும். 1947இன் தொடக்கத்தில், கொலையும் தீயும் கண்ட நவகாளிச் சிற்றூர்களில் வெறுங்காலுடன் நடந்த முதியவரை வேறெந்த நிறத்தில் தீட்டச் சொல்கிறோம்? ரோஜா நிறத்திலா?

1943இல் வங்கம் பசியால் மடிந்தபோது சயினுல் ஆபிதீனும் சித்தபிரசாத்தும் கறுப்பு மையையே எடுத்தனர். சித்தபிரசாத்தின் நூற்படிகளை ஆங்கில அரசு கைப்பற்றி அழித்தது. அவ்வரசும் அவற்றை அமங்கலம் என்றே கருதியது போலும்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பள்ளியில் 'காலா மதராசி' என்ற கேலிக்கு ஆளாகி அழுதுகொண்டு வரும் நம் பிள்ளை, வீட்டுச் சுவரை நிமிர்ந்து பார்க்கிறது. தன் நிறத்தில் ஒரு முகம்கூட அங்கில்லை. கறுப்பு ஆகாது என்று பெரியவர் சொன்னபோது அக்கூடத்தில் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர்.

ஆண்டு விழாவில் பேச்சாளர்க்குப் போர்த்தும் பொன்னாடைகளுள் ஒன்றைக் குறைத்தால் அப்படத்துக்குச் சட்டம் போட்டுவிடலாம். ஆணி அடித்தாயிற்று, மேற்குச் சுவர் இன்னும் வெறுமையாகவே இருக்கிறது.