சாரலும் நம் பிள்ளைகளும்

ஆனி, ஆடி மாதங்களில் மலையிலே சாரல் தொடங்கியதும் பேரருவியும் ஐந்தருவியும் பழைய குற்றாலமும் நம் குடும்பங்களை அழைக்கின்றன. அந்த மகிழ்ச்சியை நாம் குறை கூறவில்லை. ஆனால் மகிழ்ந்திருக்கச் சென்ற சிலர் கண்ணீரோடு திரும்புவதையும் காண்கிறோமே!

2024-ஆம் ஆண்டு மே 17 அன்று பழைய குற்றாலத்தில் மக்கள் நீராடிக்கொண்டிருக்கையில், மலைமேல் பெய்த மழையால் வெள்ளம் திடீரெனப் பாய்ந்தது. 17 வயது மாணவர் ஒருவர் அதில் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தார். அருவியடியில் வெயில் காயும்போதே மலையுச்சியில் மழை கொட்டக்கூடும். செங்குத்தான சரிவில் அந்நீர் சில நிமிடங்களில் இறங்கிவிடும். நீர் கலங்கினாலும், இரைச்சல் மிகுந்தாலும் அக்கணமே கரையேற வேண்டுமெனப் பிள்ளைகளுக்கு முன்னரே சொல்லிவைப்போம்.

வெள்ளம் நம்மைத் தேடி வரும் ஆபத்து. பிள்ளைகள் தாமே தேடிச் செல்லும் ஆபத்துகளும் உண்டு. பாசி படிந்த பாறையில் ஏறுவதும், ஆழமறியாத நீரில் தலைகீழாகக் குதிப்பதும் கழுத்தெலும்பை முறிக்கவல்லவை. தென்காசியிலிருந்து குற்றாலம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர்தான். தலைக்கவசமின்றி ஒரே வண்டியில் மூவர் செல்ல அந்தத் தொலைவே உயிருக்கு உலையாகலாம். 5 முதல் 29 வயது வரையுள்ளோரின் இறப்புக்குச் சாலை விபத்தே உலகில் முதன்மைக் காரணம் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

வீட்டில் சாதுவாயிருப்பவன் வெளியே இவ்வாறு துணிவதேன்? 2005-இல் கார்ட்னர், ஸ்டைன்பெர்க் என்னும் அமெரிக்க உளவியலார் இருவர், பல வயதினரைக் கணிப்பொறியில் வண்டியோட்டும் விளையாட்டை ஆடச் செய்தனர். நண்பர்கள் உடனிருந்தபோது மிகுதியாகத் துணிந்தவர்கள் வளரிளம் பருவத்தினரே. வயதில் முதிர்ந்தோரிடம் அம்மாற்றம் இல்லை. ஆகவே, "என் மகன் நல்லவன்" என்பது மட்டும் காவலாகாது. அவன் யாரோடு செல்கிறான் என்பதும் தெரிய வேண்டும்.

வண்டிச் சாவியைக் கொடுத்தது யார் என்றும் நம்மை நாமே கேட்போம். 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாதவர் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால், பெற்றோருக்கோ வண்டியின் உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. இல்லத்தில் இளகும் மனம் இத்தகைய இடத்தில் கொண்டுபோய் விடும்.

பன்னிரண்டு வயதில் இயேசு எருசலேமிலே தங்கிவிட்டபோது, உடன் வருவோர் கூட்டத்தில் இருப்பார் என்றெண்ணி, மரியன்னையும் சூசையப்பரும் ஒருநாள் வழி நடந்தனர். "கூட்டத்தோடுதானே போயிருக்கிறான்" என்னும் எண்ணம் திருக்குடும்பத்தையே கலங்க வைத்ததன்றோ!

நேர்ந்த பின் "ஆண்டவர் சித்தம்" என்கிறோம். நம் கவனக்குறைவை ஆண்டவர்மேல் சுமத்துதல் முறையாகுமா? இன்று மாலைச் செபம் முடிந்ததும் பிள்ளைகளை அருகே அமர்த்தி இவற்றைப் பேசுவோம். சாவியை மட்டும் நம் கையிலேயே வைத்துக்கொள்வோம்.