தையல் மெஷின் மோட்டார் நின்றுவிட்டதா?

பெருநாள் நெருங்கி, தைத்துக் கொடுக்க வேண்டிய சட்டைகள் குவிந்திருக்கும் நேரத்தில்தான் பழைய மெஷின் மோட்டார் மௌனமாகிவிடும். திருத்துபவரோ "இரண்டு கிழமை கழித்து வாருங்கள்" என்பார். வீட்டிலிருந்தே தைத்து நாலு காசு தேடும் சகோதரிகளுக்கு இது பெரும் சங்கடம். ஆனால் இத்தகைய கோளாறுகளிற் பல, நாமே கண்டுபிடிக்கக்கூடிய சிறிய விடயங்கள்தான்.

முதலில் பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. மெஷினுக்குள் கை வைக்கும் ஒவ்வொரு தடவையும் இதைச் செய்யுங்கள்.

அடுத்து, மோட்டாரையும் மெஷினையும் இணைக்கும் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, கைச்சக்கரத்தைக் கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருக்கிறதா? அப்படியானால் குற்றம் மோட்டாரில் இல்லை. பொபின் பகுதியில் நூல் சிக்கியிருக்கும், அல்லது எண்ணெய் காய்ந்து பிசின்போல் இறுகியிருக்கும். கையில் அகப்பட்டது என்று தேங்காய் எண்ணெய் விடுவதுதான் பல வீடுகளில் இதற்குக் காரணம். அது நாளடைவில் தடித்து ஒட்டிக்கொள்ளும். மெஷினுக்கென்று விற்கும் எண்ணெயைத் தவிர வேறெதையும் விடாதீர்கள். இவ்வாறு இறுகிய மெஷினை இழுத்து இழுத்தே பல நல்ல மோட்டார்கள் எரிந்து போகின்றன.

கைச்சக்கரம் இலேசாகச் சுற்றுகிறது, மோட்டாரின் அச்சும் கையால் சுற்றினால் தடையின்றிச் சுழல்கிறது என்றால், பெல்ட் இல்லாமலே பிளக்கை மாட்டிப் பெடலை மெதுவாக ஒருமுறை மிதித்துப் பாருங்கள். சில விநாடிகள் போதும். சுமையில்லாத இந்த மோட்டார் மிக வேகமாகச் சுழலும். ஓடவில்லையெனில், அதே சுவர்ப் பிளக்கில் ஒரு மேசை விளக்கை மாட்டி, மின்சாரம் வருகிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு பிளக்கை மீண்டும் கழற்றிவிட்டு, வயர் முழுவதையும் பாருங்கள். பிளக்கின் அருகிலும் பெடலின் அருகிலும் அது அடிக்கடி மடிவதால், மேலே உறை நன்றாயிருக்க உள்ளே கம்பி அறுந்திருக்கும்.

வயரும் நன்றென்றால் கார்பன் பிரஷ்களைப் பாருங்கள். மோட்டாரின் இரு பக்கமும் பிளவுள்ள சிறிய மூடிகள் இருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் மெதுவாகத் திருப்பினால், ஸ்பிரிங்குடன் ஒரு கரித்துண்டு வெளிவரும். எந்தப் பக்கம், எந்த முகமாக இருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திரும்பப் போடும்போது மாறக்கூடாது. கரித்துண்டு சுமார் 5 மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தேய்ந்திருந்தாலோ ஸ்பிரிங் உடைந்திருந்தாலோ இரண்டையும் ஒன்றாகவே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டு சென்று அதே அளவில் வாங்குங்கள். 'நின்றுபோன' மோட்டார் பல தடவைகள் இத்துடன் உயிர் பெற்றுவிடும். மோட்டாருக்குள் மட்டும் எண்ணெய் ஊற்றவேண்டாம். பிரஷ் தேயும் இடத்தில் அது படிந்தால் கரிப் பொடியுடன் சேர்ந்து புதிய தொல்லையாகும்.

ஓடும்போது உள்ளே சிறு பொறிகள் தெரிவது வழமை. நெருப்பு வளையம்போல் தெரிந்தாலோ எரிந்த வாடை வந்தாலோ உடனே நிறுத்துங்கள். கொயில் எரிந்திருந்தால், அதைக் கட்டும் கூலியையும் புதிய மோட்டாரின் விலையையும் ஒருங்கே விசாரித்துத் தீர்மானியுங்கள். கட்டுவதுதான் மலிவு என்று எப்போதும் எண்ணிவிட முடியாது.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த மெஷின் என்றால் மோட்டாரிலுள்ள தகட்டை வாசித்துப் பாருங்கள். நமது மின்சாரம் 230 வோல்ட். ஜப்பானில் 100 வோல்ட். சவூதியிலும் முன்னர் வீடுகளில் 127 வோல்ட் புழங்கியது. உழைத்துவிட்டு ஆசையோடு சுமந்து வந்த மெஷினை அப்படியே நமது பிளக்கில் மாட்டினால் சில நிமிடங்களில் புகைந்துவிடும். அதற்குரிய டிரான்ஸ்ஃபோமர் அவசியம்.

இரண்டு விடயங்களில் கை வைக்காமல் மின் வேலை தெரிந்தவரிடமே கொடுங்கள். பெடலை மிதிக்காமலே, பிளக்கை மாட்டியதும் மோட்டார் ஓடத் தொடங்குவது ஒன்று. பெடலின் தொடுமுனை ஒட்டியிருக்கலாம், உள்ளேயுள்ள கெபாசிட்டர் பழுதாகியிருக்கலாம். ஊசியருகே குழந்தையின் விரல் இருக்கும் வீட்டில் இது விளையாட்டல்ல. தைத்துவிட்டு எழும்பும்போதெல்லாம் பிளக்கைக் கழற்றும் பழக்கம் இதற்காகவும்தான். மற்றது, மெஷினின் இரும்பு உடம்பைத் தொட்டால் கையில் 'சுர்' என்பது. பழைய மெஷின்கள் பலவற்றுக்கு எர்த் வயரே கிடையாது. சீமெந்துத் தரையில் வெறுங்காலோடு இருப்பவருக்கு அந்தச் 'சுர்' உயிராபத்தாகலாம். டிரிப் சுவிட்ச் விழுந்தால், மெஷினின் கோளாறு தெரியும்வரை அதைத் திரும்பவும் மாட்டிப் பார்க்காதீர்கள். டிரிப் சுவிட்சிலுள்ள சோதனைப் பொத்தானையும் இடைக்கிடை அழுத்திப் பாருங்கள். உடனே விழ வேண்டும்.

எல்லாம் சரியாகி பெல்ட்டை மாட்டும்போது, நடுவில் விரலால் அழுத்தினால் ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர் இறங்கட்டும். அதைவிட இறுக்கினால் அச்சு தேயும்.

மோட்டார் கடைக்குப் போய்விட்டதா? உங்களுடையது பிற்காலத்தில் மோட்டார் பூட்டிய பழைய கால் மெஷினாக இருந்தால், கீழ்ச்சக்கரத்துக்கு வாரை மாட்டி மிதியுங்கள். பெருநாள் சட்டைகளை அப்படியும் முடித்துவிடலாம்.