சென்டர் பார்வர்டு யார்?

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் இரவை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். விடுதியின் பொது அறையில் நாற்காலி போதாமல் பாதிப்பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். வங்காள நண்பர்கள் ஒரு மூலையில், மலையாள நண்பர்கள் ஒரு மூலையில், நடுவே நம்மவர் பத்துப் பன்னிரண்டு பேர். கோவாவிலுள்ள மட்காவில் இந்தியாவும் சிங்கப்பூரும் மோதிக்கொண்டிருந்தன. 14-ஆம் நிமிடத்தில் சாங்தே ஒரு கோல் போட்டார். அறை அதிர்ந்தது. மொழி மறந்து ஒருவரையொருவர் கட்டிக்கொண்டோம். இடைவேளைக்குச் சற்று முன்பு சிங்கப்பூர் ஒரு கோலைத் திருப்பியது. இடைவேளைக்குப் பின் இன்னொன்று. ஆட்டம் முடிந்தபோது 2027 ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி நமக்கு அடைபட்டுவிட்டது. யாரும் பேசவில்லை. விளக்கை அணைத்துவிட்டு அவரவர் அறைக்குப் போனோம்.

மறுநாள் காலை உணவுக் கூடத்தில் பேச்சு தொடங்கியது. பயிற்சியாளர் சரியில்லை என்றார் ஒருவர். சங்கம் சரியில்லை என்றார் இன்னொருவர். நம் நாட்டுக்குக் கால்பந்தாட்டமே ஒத்துவராது என்று தீர்ப்பளித்தார், பந்தைக் காலால் தொட்டறியாத மூன்றாமவர். இத்தனை பேச்சிலும் எல்லாரும் ஒப்புக்கொண்டது ஒன்றுண்டு: கோல் அடிக்க ஆளில்லை. அது உண்மைதான். ஆனால் ஆள் இல்லையா, அல்லது ஆளை உண்டாக்க நாம் இடம் கொடுக்கவில்லையா? இந்தக் கேள்வியை நாம் கேட்டதே இல்லை. இக்கட்டுரை அதைத்தான் கேட்கிறது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். சுனில் சேத்ரி 2024 ஜூன் 6-ஆம் நாள் கொல்கத்தாவில் குவைத்துடன் ஆடி, நாட்டுக்காக ஆடுவதிலிருந்து விடைபெற்றார். அதுவரை 94 கோல்கள். அந்த ஆட்டம் கோலில்லாமல் முடிந்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா ஆகிய மூன்று நாடுகளிடமும் தோற்றிருந்தோம். ஒரு கோல்கூடப் போடவில்லை. 2024 முழுவதிலும் இந்திய அணி ஓர் ஆட்டத்திலும் வெல்லவில்லை. அடுத்த ஆண்டு மார்ச்சு மாதம், 40 வயதான சேத்ரியையே மீண்டும் அழைத்தார்கள். அப்போது பயிற்சியாளராக இருந்த மனோலோ மார்க்கேசைக் குறை சொல்வதும் எளிதன்று. 2024–25 பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் இந்திய ஆட்டக்காரர்களுள் மிகுதியாகக் கோல் போட்டவர் சேத்ரிதான், மொத்தம் 14. கையில் இருக்கும் கத்திகளில் கூரானது எதுவோ அதைத்தானே எடுப்பார்கள்?

மார்ச்சு 19-ஆம் நாள் ஷில்லாங்கில் மாலத்தீவை 3–0 என்று வென்றோம். சேத்ரியும் ஒரு கோல் போட்டார். பத்திரிகைகள் கொண்டாடின. ஆனால் அது நட்பு ஆட்டம். ஆறு நாட்களுக்குப் பின் அதே ஷில்லாங்கில் ஆசியக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் வங்காள தேசத்துடன் 0–0. ஜூன் 10-ஆம் நாள் ஹாங்காங்கில், ஆட்டம் முடியும் தறுவாயில் கொடுத்த ஒரு பெனால்டியால் 0–1 என்று தோல்வி. பயிற்சியாளர் மாறினார், காலித் ஜமீல் வந்தார். அக்டோபரில் சிங்கப்பூரில் 1–1. பிறகு மட்காவில் நாம் கண்ட அந்த 1–2. ஆக, தகுதிச் சுற்றின் முதல் நான்கு ஆட்டங்களில் இந்தியா போட்ட கோல்கள் இரண்டே இரண்டு. அவற்றுள் ஒன்று ரகீம் அலியுடையது, மற்றது சாங்தேயுடையது. எவருடைய கோலுக்காக எல்லாவற்றையும் மாற்றி அமைத்தோமோ, அந்தச் சேத்ரியின் கோல் ஒன்றுகூட இல்லை.

இதைச் சொல்வதால் சேத்ரியை நான் குறைத்துப் பேசுகிறேன் என்று எவரும் எண்ண வேண்டா. இருபது ஆண்டுகள் ஒரு நாட்டின் பாரத்தைத் தனியொருவராகச் சுமந்தவர் அவர். நாடு அழைத்தது, வந்தார். நாற்பது வயதில் ‘மாட்டேன்’ என்று சொல்லியிருந்தால் அவருடைய பெயர் இன்னும் பாதுகாப்பாக இருந்திருக்கும். குற்றம் வந்தவரிடத்தில் இல்லை. அழைக்கும்படியான நிலையை உண்டாக்கியவர்களிடத்தில் இருக்கிறது. விதைநெல்லையும் குத்தித் தின்றுவிட்டு, விளையவில்லையே என்று வானத்தைப் பார்க்கும் உழவனைப் போலத்தான் நாம் நடந்துகொண்டோம்.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். கால்பந்தாட்டப் பித்துக் கொண்டவர்கள் அனைவரும் அறிந்த கதைதான். ஆனால் அதிலிருந்து நாம் தவறான பாடத்தைக் கற்றுக்கொண்டோம் என்பது என் எண்ணம்.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுப் போட்டி. நம் பயிற்சியாளர் ஐதராபாத்துக்காரரான சையத் அப்துல் ரகீம். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. பிறகு தாய்லாந்தையும் ஜப்பானையும் வென்றோம். இதற்கிடையே பின்வரிசையின் தூணாக இருந்த ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அந்த நிலையில் அவரைப் பின்வரிசையில் நிறுத்துவது ஆபத்து. வேறு எவராக இருந்தாலும் அவரை உட்கார வைத்திருப்பார். ரகீம் அவரைச் சென்டர் பார்வர்டாக நிறுத்தினார்! அரையிறுதியில் தென் வியட்நாமை 3–2 என்று வென்றோம். ஜர்னைல் ஒரு கோல். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியாவை 2–1 என்று வென்றோம், பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று. எதிர்ப்புக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே தங்கப் பதக்கம்.

அந்த இறுதியாட்டத்தில் கோல்கீப்பராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். அதற்கு முன்பு உடல்நலமின்றி வெளியே இருந்தவர். உயரமான கொரியத் தாக்குதலை எதிர்கொள்ள நெடிய தங்கராஜே ஏற்றவர் என்று ரகீம் கருதினார். சென்னை ரெஜிமென்டில் சேர்ந்து வளர்ந்த இந்தத் தங்கராஜ், தொடக்கத்தில் சென்டர் பார்வர்டாக ஆடியவர், பின்னர்தான் கோல்கீப்பரானார். பாருங்கள் வேடிக்கையை! கோல் போடத் தொடங்கியவர் கோலைக் காத்தார். கோலைக் காக்க வந்தவர் கோல் போட்டார். இருவரும் ஒரே ஆட்டத்தில்!

இக்கதையைச் சொல்லும்போதெல்லாம் ‘ரகீம் மந்திரவாதி, கடைசி நேரத்தில் ஒரு மந்திரம் போட்டார்’ என்று நாம் வியந்துவிட்டு நிறுத்திக்கொள்கிறோம். அதுதான் தவறான பாடம். ரகீம் அந்த முடிவை ஓர் இரவில் எடுக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளில் எடுத்தார். 1950 முதல் அவரே அணியின் பொறுப்பில் இருந்தார். 1951-இல் டில்லியில் தங்கம்; 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடம். எந்த ஆட்டக்காரன் எந்தக் காலால் எப்படி உதைப்பான், எவன் நெருக்கடியில் நிமிர்வான், எவன் குனிவான் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஜர்னைலை முன்னே அனுப்பினால் பின்னே நிற்க அருண் கோஷ் இருந்தார். முன்னே சென்ற ஜர்னைலுக்குத் துணையாகச் சூனி கோஸ்வாமியும், பி.கே. பானர்ஜியும், செகந்திராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்த பலராமும் இருந்தார்கள். ஒருவரை இடம் மாற்ற வேண்டுமானால் மற்றவர்கள் தத்தம் இடத்தில் உறுதியாக நிற்க வேண்டும். அந்த உறுதி ரகீம் ஆண்டுக்கணக்கில் கட்டியது. 1963 ஜூனில் அவர் மறைந்தார். அதன் பிறகு ஆசிய விளையாட்டுக் கால்பந்தாட்டத்தில் நாம் தங்கம் பெற்றதே இல்லை.

வள்ளுவர் ‘தெரிந்து வினையாடல்’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறார். ஆளை அறிந்து வேலையைக் கொடு என்பது அதன் சாரம். ஆனால் ஆளை அறிவதற்கு முதலில் ஆள் கண்ணில் பட வேண்டுமே! இன்று நம் இளம் பார்வர்டுகள் எங்கே கண்ணில் படுகிறார்கள்? இந்தியன் சூப்பர் லீக் 2014-இல் தொடங்கியது. 2024–25 வரை நடந்த 11 பருவங்களில், மிகுதியாகக் கோல் போட்டவருக்கான பரிசு ஒருமுறைகூட இந்தியருக்குக் கிடைக்கவில்லை. எலானோ முதல் 2024–25-இல் 23 கோல் போட்ட மொராக்கோவின் அஜராய் வரை எல்லாரும் வெளிநாட்டவரே. கிளப்புகளுக்கு வெற்றி வேண்டும். கோல் போட வெளிநாட்டவரைக் கொண்டுவருகின்றன. நம் பையன் சிறு வயதில் சென்டர் பார்வர்டாக வளர்ந்தாலும், கிளப்புக்குப் போனதும் விங்கில் ஓட விடுகிறார்கள். அல்லது கடைசிப் பத்து நிமிடத்துக்கு இறக்குகிறார்கள். அங்கே பத்து நிமிடம் ஆடுகிறவன் இங்கே தொண்ணூறு நிமிடம் நாட்டைத் தாங்க வேண்டும் என்றால் எப்படி?

2025 ஆகஸ்டில் தஜிகிஸ்தானை அவர்கள் மண்ணிலேயே 2–1 என்று வென்றோம். நல்ல வெற்றிதான். ஆனால் அந்த இரண்டு கோல்களையும் போட்டவர்கள் அன்வர் அலியும் சந்தேஷ் ஜிங்கானும், இருவரும் பின்வரிசைக்காரர்கள். ஜர்னைலின் கதை திரும்ப நடந்தது என்று மகிழ்வதா? பார்வர்டுகள் எங்கே என்று கவலைப்படுவதா?

‘வெளிநாட்டவர் வந்ததால்தான் ஆட்டத்தின் தரம் உயர்ந்தது, அவர்களை விரட்டினால் பழைய நிலைக்குப் போவோம்’ என்று சிலர் சொல்வார்கள். நியாயமான வாதம். விரட்டச் சொல்லவில்லை நான். நல்ல பின்காப்பாளர்களை எதிர்த்து ஆடினால்தானே நம் பார்வர்டும் கற்பான்? எனவே வெளிநாட்டவர் பின்வரிசையில் வரட்டும், நடுவரிசையில் வரட்டும். ஆண்டில் ஏதேனும் ஒரு கோப்பைப் போட்டியிலாவது முன்வரிசை முழுவதும் இந்தியர் என்று விதி செய்தால் குடிமுழுகிப் போகாது. அதைவிட முக்கியமானது இன்னொன்று. தேசிய அணியின் பயிற்சியாளர் இரண்டு இளைஞர்களைத் தேர்ந்து, ‘இரண்டு ஆண்டுகள் இந்த இடம் உங்களுடையது, கோல் தவறினாலும் உங்களுடையதே’ என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு ஆண்டுகளில் சில ஆட்டங்கள் தோற்போம். எப்படியும் தோற்றுக்கொண்டுதானே இருக்கிறோம்? வளர்ந்துகொண்டே தோற்பது மேல் அல்லவா?

இது நடக்காத காரியமன்று. நடந்தே இருக்கிறது, அதுவும் சேத்ரியின் கிளப்பிலேயே. 2022–23 பருவத்தில் பெங்களூரு அணி சேத்ரியை வெளியே உட்கார வைத்துவிட்டு, நம் சிவகங்கை மாவட்டத்து இளைஞர் சிவசக்தியை முன்வரிசையில் நிறுத்தியது. அணி தொடர்ந்து வென்றது. அவ்வாண்டின் வளரும் ஆட்டக்காரர் பரிசு சிவசக்திக்கு. சேத்ரி முகம் சுளித்தாரா? இல்லை. மும்பையுடனான அரையிறுதியின் முதல் ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக வந்து, அன்றைய ஒரே கோலைப் போட்டார். இறுதியாட்டத்தில் தொடக்கத்திலேயே சிவசக்தி காயமடைந்து வெளியேற, அவர் இடத்தில் இறங்கியவரும் சேத்ரிதான். மூத்தவர் இருக்க வேண்டிய இடம் எது என்பதை அந்தப் பருவம் அழகாகக் காட்டியது. இளையவனின் பாதையில் நிற்பதற்கு அல்ல, அவன் விழுந்தால் தாங்குவதற்குத்தான் மூத்தவர்.

இனி, நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு நம் முற்றத்தைப் பெருக்காமல் விடக் கூடாதல்லவா? கடந்த ஆண்டு மொழிச் சங்கங்களுக்கிடையே நடந்த போட்டியில் நம் அணியின் சென்டர் பார்வர்டாக யாரை நிறுத்தினோம்? ஐந்து ஆண்டுகளாக நமக்குக் கோல் போட்டு வந்த ஆராய்ச்சி மாணவரான ஓர் அண்ணனை. அவர் மீது நம் அனைவருக்கும் அன்பு உண்டு. முழங்கால் வலியோடுதான் ஆடினார். அதை நாம் அறிவோம். தூத்துக்குடியிலிருந்து வந்த முதலாண்டுத் தம்பி ஒருவன் எல்லா ஆட்டத்திலும் பூட்சு கட்டிக்கொண்டு கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தான். தேர்வுக் குழுவில் நானும் ஒருவன். ‘அண்ணனை எப்படி வேண்டாம் என்பது?’ என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் பெயரையே எழுதினோம். இரண்டாம் ஆட்டத்திலேயே வெளியேறினோம். தோற்றது பெரிதன்று. இந்த ஆண்டு பெயர் கொடுக்கச் சொன்னபோது அந்தத் தம்பி கொடுக்கவில்லை. ‘நான் வந்து என்ன அண்ணா செய்யப் போகிறேன்?’ என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

நாடு முழுதும் நடப்பதைத்தான் நம் சின்ன மைதானத்திலும் நாம் செய்தோம். மரியாதையையும் தேர்வையும் ஒன்றாகக் குழப்பினோம். மூத்தவருக்கு மரியாதை செய்ய மாலை இருக்கிறது, மேடை இருக்கிறது, பயிற்சி கொடுக்கும் பொறுப்பு இருக்கிறது. அதற்காக இளையவனின் இடத்தை எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. அந்த அண்ணனிடமே இதைச் சொன்னேன். சிரித்தார். ‘போன வருஷமே சொல்லியிருக்கலாமேடா’ என்றார்.

அடுத்த மாதம் நம் அணிக்குத் தேர்வு. பயிற்சி கொடுக்க அண்ணன் ஒப்புக்கொண்டுவிட்டார். தம்பியின் அறைக் கதவை நாளை மாலை நான் போய்த் தட்டப் போகிறேன். அவன் வந்தால், முதல் ஆட்டத்தில் நான்கு முறை பந்தை வானத்துக்கு உதைத்தாலும் அவனை வெளியே அழைக்காதீர்கள், நண்பர்களே. ஐந்தாவது முறைக்காகக் காத்திருப்போம்.