அடுத்த மாசம் பேசுறேண்ணா

கோவையில் வெப் டெவலப்பர்களுக்காக மாதம் ஒரு கூட்டம் நடத்துகிறோம். இடம் எப்படியோ கிடைத்துவிடுகிறது. டீ, சமோசா செலவை யாராவது ஏற்றுக்கொள்கிறார்கள். கேட்க வருகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. பேசத்தான் ஆள் இல்லை.

யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: "அடுத்த மாசம் பேசுறேண்ணா." அந்த அடுத்த மாதம் எந்தக் காலண்டரில் வருகிறதோ!

விஷயம் தெரியாதவர்களா என்றால் அதுவும் இல்லை. போன கூட்டம் முடிந்து டீக்கடையில் நிற்கும்போது ஒரு தம்பி விளக்கினான் பாருங்கள். பாப்-அப் பெட்டி மெனுவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. இசட்-இண்டெக்ஸை 9999 ஆக்கியும் மேலே வரமாட்டேன் என்கிறது. காரணம், அதன் பேரண்ட் எலிமெண்டில் யாரோ டிரான்ஸ்ஃபார்ம் போட்டு வைத்திருக்கிறார்கள். அது தனி அடுக்கை உண்டாக்கிவிடும். உள்ளே எத்தனை ஒன்பது போட்டாலும் அந்த அடுக்குக்கு வெளியே செல்லாது. டீ கிளாஸையும் பிஸ்கட் தட்டையும் நகர்த்தி நகர்த்திக் காட்டினான். "இதையே மேடையில பேசுடா" என்றேன். "ஐயோ, இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேண்ணா!" தெரிந்ததென்றால் இத்தனை பேர் டீயை ஆறவிட்டு எதற்கு நின்றார்கள்?

கேட்டால் இம்போஸ்டர் சிண்ட்ரோம் என்கிறார்கள். பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் எழுதியது, சாதித்த பிறகும் 'இதற்கு நமக்குத் தகுதி உண்டா' என்று தவித்த பெண்களைப் பற்றி. மேடைப் பக்கமே வராதவர்கள் அதைச் சொல்லித் தப்பிப்பது என்ன நியாயம்?

தப்பு முழுக்க அவர்களுடையது என்றும் சொல்ல மாட்டேன். கல்லூரியில் செமினார் என்றால் ஸ்லைடைப் பார்த்து வாசிப்பது. சந்தேகம் கேட்டவனைப் பார்த்து வகுப்பே சிரிக்கும். இதில் இங்கிலீஷ் பயம் வேறு. தமிழில் பேசினால் யார் தடுக்கப்போகிறார்கள்? காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் ஞாயிறுதோறும் தமிழிலேயே இணையவழியில் பேசுகிறார்கள்.

தப்பாகச் சொல்லிவிட்டால்? சொல்லட்டுமே. ரயன் டால் 2009-இல் பெர்லினில் ஜேஎஸ்கான்ஃப் மேடையில்தான் நோட் ஜேஎஸ்ஸை அறிமுகப்படுத்தினார். 2018-இல் அதே மாநாட்டில், நோட் ஜேஎஸ்ஸில் தான் வருந்தும் பத்து விஷயங்களைத் தானே பட்டியலிட்டார். அதனால் அவர் மதிப்பு குறைந்துவிடவில்லை.

எனக்கு ஆற்றாமை எதிலென்றால், பேசாததால் நஷ்டம் அவர்களுக்குத்தான். கோடு ஓடினால் மேனேஜருக்குப் போதும். ஏன் ஓடுகிறது என்று அவர் கேட்பதில்லை. கூட்டத்தில் பின்வரிசையில் இருப்பவர் கேட்பார். அவருக்குப் பதில் சொல்வதற்காகவாவது டாக்குமெண்டேஷனை முழுதாகப் படித்தாக வேண்டும். வேலை கற்றுத்தராததை, பேசத் தயாராகும் அந்த ஒரு வாரம் கற்றுத்தந்துவிடும்.

இங்கே நடப்பது என்ன? தெரிந்தவர்கள் பின்வரிசையில் தலை குனிந்து போனைப் பார்க்கிறார்கள். மைக் சும்மா இருக்குமா? கோர்ஸ் விற்கிறவர் வந்து பிடித்துக்கொள்கிறார். அப்புறம், "கூட்டம் முன்ன மாதிரி இல்லைங்ணா" என்று என்னிடமே குறை!

ஐந்து நிமிடம் போதும். ஸ்லைடுகூட வேண்டாம். உங்களை அலைக்கழித்த ஒரு பக், அதைப் பிடித்த விதம், அவ்வளவுதான். பெயரைக் கொடுங்கள், இந்த மாதத்துக்கே.