அழிந்தது எவர் கற்பு?

சொற்களின் வேரைத் தோண்டிக் காட்டிய மொழிஞாயிறு பாவாணர் 1902ஆம் ஆண்டில் பிறந்த ஊர் எங்கள் சங்கரன்கோவில். அவ்வூர்த் தேநீர்க் கடையில் காலையில் நாளிதழைப் புரட்டுவோர் கண்ணில் 'இளம்பெண் கற்பழிப்பு' என்னும் தலைப்பு இன்றும் இடையிடையே படுகின்றது. படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புகின்றனரே அன்றி, அச்சொல்லின் வேரைத் தோண்டுவார் ஒருவரும் இலர்.

'கல்' என்னும் முதனிலையிற் பிறந்தது கற்பு. கற்றலும் கற்றவழி நிற்றலுமே அதன் அடிப்பொருள். தொல்காப்பியர் கற்பியல் என ஓர் இயல் வகுத்துத் தலைவனும் தலைவியும் கூடி நடத்தும் மனைவாழ்க்கையை அதன்கண் பேசுகின்றார். பெரியாரும் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்னும் நூலின் முதற்பகுதியிலேயே இச்சொல்லைப் பிரித்துப் பார்க்கின்றார். ஒருவர் கற்றதைப் பிறரொருவர் எங்ஙனம் அழித்தல் கூடும்? கயவன் கைபட்ட அளவில் ஒருத்தியின் ஒழுக்கம் அழிந்தது என எழுதுவது எந்தத் தமிழ்? ஒழுக்கம் அழிந்தவன் அவனல்லனோ!

இதில் நமக்கும் பங்குண்டு. 'பலாத்காரம்' என்னும் வடசொல் போய்க் 'கற்பழிப்பு' வந்ததைத் தமிழ் வென்றதாகக் கொண்டு மகிழ்ந்தவர்கள் நாம். ஒலி தமிழாயிற்று, உள்ளிருந்த கருத்தோ பெண்ணை ஆணின் உடைமையாக வைத்த அதே மனுவின் கருத்து.

தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நினைமின்! 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லிக் கானகத்துறையினரும் காவல்துறையினரும் வருவாய்த்துறையினரும் அம்மலையடிச் சிற்றூருட் புகுந்தனர். பழங்குடிப் பெண்கள் பதினெண்மர் வன்புணர்வுக்கு ஆளாயினர். அப்பெண்கள் ஓடி ஒளிந்தனரா? இல்லை. பத்தொன்பது ஆண்டுகள் வழக்காடினர். 2011இல் தருமபுரி நயன்மன்றம், குற்றஞ்சாற்றப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே எனத் தீர்த்தது. அவருள் 54 பேர் அதற்குள் இறந்து போயிருந்தனர். 2023இல் சென்னை உயர்நயன்மன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. அரசப் படையையே கூண்டிலேற்றிய அம்மகளிரைப் பற்றி எழுதுங்காலும் 'வாச்சாத்திக் கற்பழிப்பு' என்றே தலைப்பிட்டன இதழ்கள்! எதனை இழந்தனர் அவர்கள்?

திரைப்படத்தின் தீங்கு இதனினும் கொடிது. 1989இல் வந்த 'புதிய பாதை'யில், தன்னைக் கெடுத்தவனையே தேடிச் சென்று திருத்தி மணக்கின்றாள் ஒருத்தி. நடுவணரசு அதற்குச் சிறந்த தமிழ்ப்படம் என்னும் பரிசையும் அளித்தது. அதைப் பார்க்கும் சிறுவன், அழிக்கும் ஆற்றல் தனக்குண்டு என்று கற்கின்றான். சிறுமியோ தான் உடையும் மண்கலம் என்று கற்கின்றாள். (உடலை விற்கும் நிலைக்குத் தள்ளப்பட்டவளை 'அழகி கைது' என எழுதும் இதழ்கள், அவளிடம் சென்றவனை 'அழகன்' என எழுதியதுண்டோ?)

எங்களூர் விசைத்தறிக் கூடத்தில் உழைத்து இருட்டில் வீடு திரும்பும் பெண்ணும் இவ்விதழ்களைத்தான் படிக்கின்றாள். நாளை அவளுக்கு ஒரு கொடுமை நேரின், காவல்நிலையப் படியேறுவதற்கு முன் அச்சொல் அவள் காலைத் தடுக்கும். 'வெளியே சொன்னால் கற்பழிந்தவள் என்பரே' எனத் தாயே வாயைப் பொத்துவாள். கயவனுக்கு இதைவிடப் பெரிய காவல் வேறெது?

வன்புணர்வு என்னும் தூய தமிழ்ச்சொல் நம்மிடம் உண்டு. அது செய்தவனின் செயலைச் சுட்டும். பெண்மீது பழி ஏற்றாது. இதழ்கள் சில அதனையும் 'பாலியல் வன்கொடுமை' என்பதனையும் ஆளத் தொடங்கிவிட்டன. ஏனையவற்றின் ஆசிரியர்க்கு, பழஞ்சொல்லைக் கண்ட அன்றே, நாளும் பக்கமும் குறித்து ஒரு மடல் எழுதி விடுப்பீராக.