இரண்டடி இடத்தில் தேன் பெட்டி! ஏர் ஓட்ட நிலம் எங்கே?

பாரிஸ் நகரில் புகழ் பெற்ற மாதா கோவில் ஒன்று இருக்கிறது. நோத்ர தாம் என்பது அதன் பெயர். 2019-ம் ஆண்டு ஏப்ரல் 15-ந் தேதி அது தீப்பிடித்தது. கூரை எரிந்து விழுந்தது. ஊசிக் கோபுரம் சாய்ந்தது. உலகமே பதறியது.

அந்தக் கோவிலை ஒட்டிய கட்டிடத்தின் மாடியில் 3 தேன் பெட்டிகள் இருந்தன. 2013-ல் வைத்தவை. ஈக்கள் எல்லாம் வெந்து போயிருக்கும் என்று நினைத்தார்கள். ஆனால் நெருப்பு அணைந்த பிறகு பார்த்தால், அவை பெட்டி வாசலில் வந்து போய்க் கொண்டிருந்தன! புகை பட்டால் தேனீ ஓடாது. வயிறு முட்டத் தேனைக் குடித்து விட்டுக் கூட்டிலேயே கிடக்கும். நம் ஊரில் தேன் எடுப்பவர் புகை போடுவதும் இதற்காகத்தான்.

மாதா கோவிலில் தேனீக்கு என்ன வேலை? பழைய உறவுதான். கோவிலில் ஏற்றும் மெழுகுவர்த்தி ஒரு காலத்தில் தேன் மெழுகில் செய்தது. அதற்காகவே மடங்களில் தேனீ வளர்த்தார்கள். இன்று உலகம் முழுவதும் புழங்கும் தேன் பெட்டிக்கு வழி கண்டவரும் ஒரு பாதிரியார்தான். லாங்ஸ்ட்ராத் என்ற அமெரிக்கர். சட்டத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இடம் விட்டால் ஈ அதை அடைக்காது என்று 1851-ல் அவர் கண்டார். அப்புறம் அடையைப் பிய்க்காமல், குஞ்சைக் கொல்லாமல் தேன் எடுக்க முடிந்தது.

அந்தப் பெட்டி நம் நாட்டுத் தேனீக்குப் பெரிது. நம் ஈ சிறியது, கூட்டமும் சிறியது. நியூட்டன் என்ற ஏசு சபைப் பாதிரியார் அதற்கு ஏற்றாற்போல் ஒரு சின்னப் பெட்டி செய்தார். 1911 முதல் 1917 வரை தென்னாட்டுக் கிராமத்து ஜனங்களுக்குத் தேனீ வளர்க்கக் கற்றுக் கொடுத்தார். "நியூட்டன் பெட்டி" என்ற பெயர் இன்றும் இருக்கிறது.

மார்த்தாண்டம் காட்டிய வழி

பாரிஸில் மாடித் தேனீ ஓர் அழகு. மார்த்தாண்டத்தில் தேனீ சோறு போட்டது.

ஒய்.எம்.சி.ஏ. என்னும் இளைஞர் கிறிஸ்தவ சங்கம் 1924-ல் மார்த்தாண்டத்தில் கிராமப் புனரமைப்பு நிலையம் ஒன்றைத் தொடங்கியது. அப்போது அது திருவிதாங்கூர் சமஸ்தானம். நிலையத்தை நடத்தியவர் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர். அவர் தர்மம் கொடுக்கவில்லை, தொழில் கொடுத்தார். கோழி வளர்ப்பு, தேனீ வளர்ப்பு என்று ஏழைக் குடும்பம் வீட்டுக் கொல்லையிலேயே செய்யக் கூடிய வேலைகள். தேன் பெட்டி வைக்க இரண்டடி இடம் போதும். மேய்ச்சல் நிலம் வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துப் பூவில் நம் ஈ தேன் குடித்தால் அவர் வாடகை கேட்க மாட்டார். கேட்கவும் நியாயமில்லை. தேனீ வந்தால் அவர் தோட்டத்தில்தான் காய் கூடுதலாகப் பிடிக்கும்!

1937-ல் அங்கே தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. தேனைத் தனித்தனியே விற்றால் வியாபாரி வைத்ததே விலை. சங்கமாகச் சேர்ந்தால் பேரம் பேசலாம். பெட்டியைவிடச் சங்கம்தான் பெரிய கண்டுபிடிப்பு என்று சொல்ல வேண்டும்.

மார்த்தாண்டத்துக்கு இன்னொரு அதிர்ஷ்டமும் உண்டு. ரப்பர் மரம்! துளிர் விடும் காலத்தில் அதன் இலைக் காம்பில் இனிப்பு நீர் சுரக்கிறது. அதுதான் அங்கே தேன். அப்படிப்பட்ட இடத்திலும் 1991, 1992-ம் ஆண்டுகளில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னாட்டுத் தேனீக் கூட்டங்களில் மிகப் பெரும் பகுதியை அழித்து விட்டது. புழுக்கள் பை போல் வீங்கிச் செத்தன. மறுபடியும் தலை எடுக்கப் பல வருஷம் பிடித்தது.

செங்கல்பட்டின் கதை வேறு

செங்கல்பட்டிலும் பழைய மிஷன் பள்ளிகள் இருக்கின்றன. மரம் நிறைந்த வளாகங்கள் இருக்கின்றன. அங்கும் பெட்டி வைக்கலாமே என்று தோன்றும். வைக்கலாம். ஆனால் இந்தச் சீமையில் ஏழைகளுக்காகக் கோவிலார் பேசிய பேச்சு தேனைப் பற்றியது அல்ல. நிலத்தைப் பற்றியது.

1880-களிலும் 1890-களிலும் செங்கல்பட்டு ஜில்லாவில் ஆடம் ஆண்ட்ரூ என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் இருந்தார். திருவள்ளூர்ப் பக்கம் கூடி என்ற மற்றொருவர். சேரியில் வாழ்ந்த பண்ணையாட்களின் நிலையை இருவரும் சர்க்காருக்கு எழுதினார்கள். குடியிருக்கும் குடிசை அடிமண்கூட அந்த ஜனங்களுக்குச் சொந்தமில்லை. எதிர்த்துப் பேசினால் குடிசையைக் காலி செய் என்பார் மிராசுதார். ஆண்ட்ரூ, நிலம் வாங்கிக் குடும்பங்களைக் குடியேற்றினார். சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அருகே உள்ள மெல்ரோசாபுரம் அப்படி உண்டான ஊர்.

1891-ல் ஜில்லா கலெக்டர் டிரெமன்ஹீர் இதைப் பற்றி ஓர் அறிக்கை எழுதினார். 1892-ல் சென்னை சர்க்கார் உத்தரவு போட்டது. ஒடுக்கப்பட்ட மக்களுக்குத் தரிசு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம். வேறு சாதியாருக்கு அதை விற்கக் கூடாது என்று நிபந்தனை. ராஜதானி முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் கொடுக்கப்பட்டதாகச் சொல்லுகிறார்கள்.

நிலம் எங்கே போனது? கடனுக்குப் போனது. கைநாட்டில் போனது. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. பிறகு கடற்கரைச் சாலை வந்தது. மனை விலை ஏறியது. பழைய கணக்கைக் கிளறினால் பலருக்குக் கோபம் வந்தது.

1994-ல் மாமல்லபுரத்துக்கு அருகே காரணை கிராமத்தில் பஞ்சமி நிலத்தைத் திரும்பக் கேட்டு மக்கள் இறங்கினார்கள். அம்பேத்கர் சிலை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அக்டோபர் 10-ந் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள் மீது போலீசார் சுட்டார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் மாண்டார்கள். ஒருவர் பெயர் கிறிஸ்தவப் பெயர். மற்றவர் பெயர் மலையப்பன் பெயர். கேட்ட நிலம் ஒன்றுதான்.

இருளரும் தேனும்

இந்தப் பக்கத்தில் தேனை நன்றாக அறிந்தவர் இருளர். கொம்புத் தேன் எங்கே தொங்கும், எந்த மாதத்தில் எடுக்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். பாம்பும் தெரியும். பாம்புத் தோல் வியாபாரத்துக்குத் தடை வந்ததும் அவர்கள் பிழைப்புப் போயிற்று. 1978-ல் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. பாம்பைப் பிடித்து, விஷத்தை எடுத்து, திரும்பக் காட்டில் விட்டு விடுகிறார்கள். அந்த விஷத்தில்தான் பாம்புக் கடிக்கு மருந்து தயாராகிறது. 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது.

இங்கே தேனீ வளர்க்கப் பாடம் நடத்த வருகிறவர், இவர்களை மாணவராக அல்ல, வாத்தியாராக உட்கார வைத்தால் பாதிக் காரியம் முடியும்.

விலையும் சாதிச் சான்றிதழும்

2020-ல் மத்திய சர்க்கார் தேனீ வளர்ப்புக்கு 500 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில் டெல்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 கம்பெனித் தேனைச் சோதித்துப் பார்த்தது. 10 தேறவில்லை. சர்க்கரைப் பாகு கலந்திருந்ததாக அது சொன்னது. பாகு மலிவு. அது தேன் என்ற பெயரில் விற்றால் நிஜத் தேன்காரனுக்கு என்ன விலை கிடைக்கும்? ஒருவன் பெட்டியில் ஆண்டுக்குப் பத்துக் கிலோ கிடைத்தாலே பெரிது.

இன்னொரு முடிச்சும் இருக்கிறது. 1950-ம் ஆண்டு ஜனாதிபதி உத்தரவுப்படி கிறிஸ்தவராக மாறியவருக்கு ஆதிதிராவிடர் பட்டியலில் இடமில்லை. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் இடம் தந்தார்கள். இதை ஆராய 2022-ல் நீதிபதி கே. ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் கமிஷன் போடப்பட்டது. அண்ணன் இந்து, தம்பி கிறிஸ்தவன் என்றால், ஒரே சேரியில் ஒரே சுவர் தடுத்த வீடுகளில், அண்ணனுக்கு உள்ள கடன் மானியம் தம்பிக்கு இல்லை. கோவிலுக்குள்ளும் குறை இல்லாமல் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் சாதிச் சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தச் சுவர் மீது தேன் பெட்டியை வைத்து என்ன பயன்?

ஆகவே கோவில் வளாகத்தில் பெட்டி வைக்கிறவர்கள் முதலில் பேச வேண்டியது: பெட்டி யாருடையது? தேன் விற்ற பணம் யார் கைக்குப் போகும்? சங்கத்தின் கணக்குப் புத்தகத்தைப் பெண்கள் பார்க்கலாமா?

அதன் பிறகு பூ. செங்கல்பட்டுச் சீமையில் ரப்பர் இல்லை. சவுக்குத் தோப்பில் தேன் இல்லை. அது காற்றில் மகரந்தம் தூவும் மரம். பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கும் பூக்கும். அடுத்துப் புளி. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈ வெளியே போகாது. அந்த மாதங்களில் பெட்டிக்குள் சர்க்கரைத் தண்ணீர் வைக்க வேண்டும். அந்தச் செலவை யார் ஏற்பது என்பதையும் முன்பே எழுதி வைத்துக் கொள்வது நல்லது.